டூர்னிகெட்டுக்குத் திரட்டிய பணமும் உடைந்த கியர்பெட்டியும்: ஒரு நன்கொடை நாடகத்தின் நிகழ்வு ஆய்வு

போலந்தின் கிராக்கோவ் நகரில், 2023 ஜனவரியில், உக்ரைனிலிருந்து வந்த பெண்கள் சிலர் ஒரு பாவை நாடகம் போட்டார்கள். போர்முனையில் காயமுற்றோரை மீட்கும் ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவுக்குப் பணம் திரட்டுவதற்காகப் போட்ட நாடகம் அது. அதற்குக் கணக்கு எழுதியவன் நான். நாடகம் நடந்தது, பணமும் சேர்ந்தது. அந்தப் பணத்தை முறையாகச் செலவழிக்க மட்டும் ஐந்து வாரம் திணறினோம். இதுபோல ஒரு நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்களுக்கு அந்த ஐந்து வாரம் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இதில் வராது. மருத்துவக் குழு இன்னும் வேலை செய்கிறது. நடித்தவர்களின் குடும்பங்கள் அந்த நாட்டில்தான் இருக்கின்றன.

பின்னணி

ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு போலந்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறப் போர்க்கால விதி தடை விதித்திருந்தது. நான் கிராக்கோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முதல் வாரங்களில் ரயில் நிலையத்தில் சூப் ஊற்றவும் மூட்டை தூக்கவும் போனேன். வந்து இறங்கியவர்களில் நம் ஊர் மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் போனேன். அவர்கள் விமானம் ஏறிப் போனபிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. அப்படி வந்த பழக்கம்தான் இந்தப் பெண்களுடையது.

பதினான்கு பேர். சனிக்கிழமைதோறும் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் கூடுவார்கள். கார்கிவில் பாவை அரங்கில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு கலைஞர் அவர்களுக்குத் தலைமை. இனி அவரை இயக்குநர் என்று சொல்கிறேன். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்துப் பிரிவில் பணிபுரிந்த செவிலியர் ஒருவர் இருந்தார். டினிப்ரோ நகரத்துப் பெண்கள் இருவர். கூடத்துக்குச் சாவி வைத்திருந்த போலந்துப் பள்ளி ஆசிரியை ஒருவர்.

அக்டோபர் 10 முதல் உக்ரைனின் மின் கட்டமைப்பின் மீது ஏவுகணைகள் விழத் தொடங்கின. ஊரில் இருப்பவர்களோடு பேச உட்கார்ந்தால் பாதியில் இணைப்பு அறுந்துபோகும். அந்த நாட்களில்தான் செவிலியர் தன் பழைய சக ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவரும் இன்னும் ஐந்து பேரும் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவாகக் கிழக்கே போயிருந்தார்கள். களத்தில் கட்டுப்போட்டு அனுப்பப்படுபவர்கள் முதலில் ஒரு நிலைப்படுத்தும் இடத்துக்கு வருவார்கள். அதை அவர்கள் ‘ஸ்டேபிக்’ என்கிறார்கள். அங்கிருந்து பின்னாலுள்ள மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போவது இந்த ஆறு பேரின் வேலை. கைவசம் இருந்தவை இரண்டு பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்கள். காயமுற்றோரை ஏற்றும் வண்டி என்று தெரிந்தும் சுடுகிறார்கள் என்பதால் சிவப்புச் சிலுவையை அழித்துப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள்.

பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் முதல் கூட்டத்திலேயே கருத்து வேறுபாடு. 2014 முதல் இயங்கும் ஹாஸ்பிட்டலர்ஸ் என்னும் தன்னார்வ மருத்துவப் படையணியும், அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய பிரோகோவ் தன்னார்வ நடமாடும் மருத்துவமனையும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பதிவு, வங்கிக் கணக்கு, வரவுசெலவு அறிக்கை எல்லாம் அவர்களிடம் உண்டு. அங்கே அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று ஆசிரியை சொன்னார். ஆறு பேர் குழுவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர்களுக்கு யாரும் அனுப்பமாட்டார்கள், அதனால் நாம்தான் அனுப்பவேண்டும் என்றார் செவிலியர். பெரும்பாலோர் செவிலியர் பக்கம் நின்றார்கள். நானும்தான். தெரிந்தவர் என்ற ஒன்று எங்கள் கையை அந்தப் பக்கம் இழுத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பணமாக அனுப்பாமல் போலந்திலேயே பொருள் வாங்கி, ரசீதோடு எல்லைவரை கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. ரசீது இருந்தால் கணக்குக் காட்டலாம் என்பதே காரணம்.

ஏன் வெர்டெப்

வெர்டெப் என்பது உக்ரைனின் கிறிஸ்துமஸ் காலப் பாவை நாடகம். இரண்டு அடுக்கு கொண்ட ஒரு மரப்பெட்டிதான் மேடை. மேல் அடுக்கில் குழந்தை இயேசு பிறப்பார், இடையர்கள் வருவார்கள். கீழ் அடுக்கில் ஏரோது மன்னன், அவன் படைவீரர்கள், பிள்ளையைப் பறிகொடுக்கும் ராகேல், அரிவாளோடு மரணம், கடைசியில் மன்னனை இழுத்துப்போகும் பேய். ஏரோது செத்தபிறகு கோசாக் வீரனும் வெள்ளாடும் பிறரும் வந்து ஆடிப்பாடிச் சிரிக்கவைப்பார்கள். பாவைகள் கம்பியில் நிற்கும். பெட்டியின் தரையில் வெட்டிய தடத்தில் அந்தக் கம்பி நகரும். நம் ஊர்ப் பொம்மலாட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தடம் புதுமையாக இருந்தது. பாவை தடத்தைவிட்டு விலக முடியாது. ஏரோது எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கோட்டில்தான் வந்தாகவேண்டும்.

இயக்குநர் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோவியத் காலத்தில் லிவிவ் நகரில், 1972-இன் தொடக்கத்தில், இளம் கவிஞர்களும் ஓவியர்களும் வெர்டெப் குழுவாக வீடுவீடாகப் பாடிப்போனார்கள். அரசியல் கைதிகளுக்கு உதவப் பணம் சேர்த்தார்கள். ஜனவரி 12 அன்று கைது தொடங்கியது; அந்தக் குழுவில் பலர் சிறைக்கும் முகாமுக்கும் போனார்கள். ‘இந்தப் பெட்டிக்கு உண்டியல் பழக்கம் உண்டு’ என்று இயக்குநர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

நோக்கத்தை எழுதியது

போலந்தில் பொது இடத்தில் ரொக்கமாக நன்கொடை வாங்குவதை 2014 மார்ச்சில் வந்த ஒரு சட்டம் நெறிப்படுத்துகிறது. பதிவுபெற்ற அமைப்பு இல்லாதவர்கள் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். எதற்காகத் திரட்டுகிறோம் என்பதை அதிலேயே எழுதவேண்டும். அந்த நோக்கம் எல்லோர் பார்வைக்கும் வெளியாகும். உண்டியல் ஏந்துபவர் அடையாள அட்டை அணியவேண்டும். முடிந்தபிறகு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று அறிக்கை தரவேண்டும். வங்கி வழியாக வரும் பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆசிரியை, இயக்குநர், நான் என மூன்று பேர் குழுவானோம். படிவத்தை நிரப்பியது நான். நோக்கம் என்ற கட்டத்தில், ‘தன்னார்வ மருத்துவக் குழுவுக்கு டூர்னிகெட்டும் முதலுதவிப் பொருளும் வாங்க’ என்று எழுதினேன்.

அந்த வரியை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டூர்னிகெட் என்பது கை, கால் காயத்துக்கு மேலே இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டை. தொடையின் பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அந்தச் சில நிமிடத்துக்கானது இந்தப் பட்டை. அப்போது அதன் விலை போலந்து நாணயத்தில் ஏறக்குறைய 140 ஸ்வோட்டி. 140 கொடுத்தால் ஒரு பட்டை என்று சுவரொட்டியில் போடலாம். பார்ப்பவருக்கு உடனே புரியும். சுவரொட்டியும் அப்படித்தான் அச்சானது, மிக நன்றாக வேலையும் செய்தது. ஆனால் அந்த ஆறு பேரிடம் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று எழுத்தில் ஒரு பட்டியல் கேட்டு வாங்கும்முன்பே அந்த வரியை எழுதிவிட்டேன். பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

ஒத்திகையில் கண்டது

டிசம்பர் 17 ஒத்திகை. ஏரோதின் வீரர்கள் நுழையும்போது இடிபோல ஒலிக்க ஒரு தகரத்தை ஆட்டுவார்கள். கூடத்தின் கல்சுவரில் பட்டு அந்த ஒலி பெரிதாகத் திரும்பிவந்தது. முன்வரிசையில் இருந்த கார்கிவ்ச் சிறுவன் ஒருவன் ஒரு சத்தமும் போடவில்லை. எழுந்தான், மடித்துவைத்த நாற்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய் உட்கார்ந்து, தன் தங்கையையும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டான். ஏழு வயதிருக்கும். செய்து செய்து பழகிய வேலைபோல அத்தனை ஒழுங்காகச் செய்தான்.

இயக்குநர் தகரத்தை எடுத்துப்போய்க் கூடத்துக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார். அதற்குப் பதிலாக ஒரு தோல் மேளத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டுவது என்றானது. விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதையும் விட்டோம். காட்சியின் வேகம் குறைந்துவிட்டது என்று நடித்தவர்களில் இருவர் வருத்தப்பட்டார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இந்தப் பார்வையாளர்களில் யாருக்கு எது நினைவுக்கு வரும் என்று எங்களால் சொல்லமுடியாது. அழைப்பிதழில் ‘உரத்த ஒலி கிடையாது’ என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியைப் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கூட்டிவந்தோம் என்று பின்னால் மூன்று தாய்மார்கள் சொன்னார்கள்.

ஏலத்துக்கு வந்த குழாய்

நாடகம் முடிந்ததும் சிறிய ஏலம் ஒன்று நடத்த நினைத்திருந்தோம். உக்ரைனிலிருந்து ஒரு நண்பர், சுட்டுமுடித்த கையெறிகுண்டு ஏவியின் குழாயில் பெட்ரிகிவ்கா பாணிப் பூவோவியம் தீட்டியதைத் தருவதாகச் சொன்னார். இத்தகைய பொருள்கள் நல்ல விலைக்குப் போகும். அந்த ஒன்றிலேயே ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கும்.

அதே டிசம்பர் 14 அன்று வார்சாவில் போலந்துக் காவல்துறைத் தலைமையகத்தில் ஒரு வெடிப்பு. உக்ரைன் பயணத்தில் பரிசாக வந்த குண்டு ஏவி, காவல்துறைத் தலைவரின் அறையை ஒட்டிய அறையில் வெடித்து அவருக்குக் காயம். வெற்றுக்குழாய் என்று நம்பிக் கொண்டுவந்த பொருள். நாட்டின் காவல்துறைத் தலைவருக்கே இது நேர்ந்தது என்றால், தேவாலயக் கூடத்தில் பிள்ளைகள் நடுவே வைக்கும் பொருளை நாங்கள் எப்படிச் சோதிப்போம்? வேண்டாம் என்று எழுதிவிட்டோம். இந்த முடிவில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. பெண்கள் வைக்கோலில் பின்னிய தீதுக் என்னும் கதிர்க்கட்டுகள் பன்னிரண்டை ஏலத்துக்கு வைத்தோம். கிறிஸ்துமஸ் இரவில் வீட்டு மூலையில் வைக்கும் கட்டு அது. முன்னோர் வந்து தங்கும் இடம் என்பது நம்பிக்கை.

ஜனவரி 14

சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு நாடகம். பிற்பகல் மூன்று மணியளவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். டினிப்ரோவில் ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பின் மீது ஏவுகணை விழுந்த செய்தி அப்போது வந்தது. மாடிகள் சரிந்து கட்டடத்தின் நடுவே வானம் தெரிகிற படங்கள் ஒவ்வொன்றாகக் கைபேசியில் வரத் தொடங்கின. எத்தனை பேர் என்பது அன்று யாருக்கும் தெரியாது. 17-ஆம் தேதிவரை இடிபாட்டில் தேடினார்கள். இறந்தோர் 46 பேர், அவர்களில் 6 பேர் குழந்தைகள்.

எங்கள் குழுவில் இருந்த இரு டினிப்ரோப் பெண்களும் வாசலுக்குப் போய்த் தொலைபேசியில் முயன்றபடியே நின்றார்கள். ஒருவருடைய தாய் நாற்பது நிமிடம் கழித்து எடுத்தார். மற்றவரின் அக்கா வீடு ஆற்றின் மறுகரையில், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தது.

நாடகத்தை நடத்துவதா என்ற கேள்வி வந்தது. நிறுத்தலாம், வேறு நாளுக்கு மாற்றலாம், குறைத்து நடத்தலாம். கூடம் அடுத்த பல வாரங்களுக்குக் கிடைக்காது. வெளியூரிலிருந்து ஆட்கள் புறப்பட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் இருவரும் சொல்லுங்கள், அதன்படி செய்கிறோம்’ என்று அவர்களிடமே விட்டோம். அப்போது அது அவர்களுக்குக் காட்டிய மரியாதையாகத் தெரிந்தது. நடத்துங்கள் என்றார்கள். ஒருவர் நடித்தார், மற்றவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அது தவறு என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். அந்த நேரத்தில், அந்த இருவர் தோளில், எல்லோருக்குமான முடிவை ஏற்றியிருக்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்னால் நூற்றைம்பது பேரைத் திருப்பி அனுப்பிய பாரம் அவர்களுக்கு. சரி என்றால் இப்படிப்பட்ட நாளில் ஆடினோமே என்ற பாரம். குழுவின் மூன்று பேர் நாங்கள் முடிவெடுத்து, அவர்கள் இருவரையும் விருப்பம்போல விலக விட்டிருக்கவேண்டும்.

இயக்குநர் பதினைந்து நிமிடத்தில் நாடகத்தை மாற்றினார். கோசாக் வீரன், ஆடு, கேலிக் காட்சிகள் எல்லாம் போயின. ராகேல் காட்சியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். பிள்ளையைக் கொன்ற செய்தி வந்த நாளில் பிள்ளையைக் கொல்லும் காட்சியா என்பது என் தயக்கம். அவர் தலையாட்டி மறுத்தார். மேளம் இல்லாமல், பாட்டும் இல்லாமல், ராகேல் பாவை தடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்ந்தது. பிறகு திரும்பி வந்தது. அவ்வளவுதான் காட்சி. தரைத்தடத்தில் கம்பி உரசும் ஓசை கூடம் முழுக்கக் கேட்டது. ஐம்பது நிமிட நாடகம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கைதட்டவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் தட்டவில்லை.

விலை கூவி ஏலம் விட யாருக்கும் மனம் வரவில்லை. கதிர்க்கட்டுகளை மேசையில் அடுக்கி, பக்கத்தில் ஒரு தாள் வைத்தோம். விருப்பமுள்ளவர்கள் தொகையை எழுதிப் போனார்கள்.

எண்ணிக்கை

அன்றிரவே மூடி முத்திரையிட்ட ஐந்து தகர உண்டியல்களையும் மூன்று பேர் முன்னிலையில் திறந்து எண்ணினோம். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், மூன்றாமவர் மறுபடி எண்ணுவார். நூறு ஸ்வோட்டி நோட்டுகளோடு, உக்ரைனைத் தவிர வேறு எங்கும் செல்லாத கொஞ்சம் ஹிரிவ்னியா நாணயங்களும் கிடந்தன. ரொக்கம் 11,340 ஸ்வோட்டி. ஆசிரியை பெயரில் இதற்கென்றே தனியாகத் திறந்த வங்கிக் கணக்குக்கு அந்த வாரத்துக்குள் 71 பேர் 17,900 அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 29,240. நாங்கள் எதிர்பார்த்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சுவரொட்டியச்சு, தேநீர், போக்குவரத்துச் செலவை நாங்களே பகிர்ந்துகொண்டோம். திரட்டிய பணத்தில் ஒரு காசும் அதற்கு எடுக்கவில்லை.

போலிப் பட்டை

பணம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே அவசரம். இணையத்தில் ஒரு விற்பனையாளர் அதே தோற்றமுள்ள டூர்னிகெட்டை 45 ஸ்வோட்டிக்குத் தந்தார். இருக்கும் பணத்தில் மூன்று மடங்கு வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். எதற்கும் முதலில் ஐந்து மட்டும் எங்கள் கைக்காசில் வரவழைப்போம் என்றார் செவிலியர்.

மேசைக்காலில் ஒரு துவாலையைத் தடிமனாகச் சுற்றி, அதன்மேல் பட்டையை மாட்டினார். வெல்க்ரோவை இழுத்து ஒட்டினார். முறுக்குக் குச்சியைத் திருகத் தொடங்கினார். உண்மையான பட்டையில் குச்சி விறைப்பாக நிற்கும். பட்டை மட்டும் இறுகும். இதில் இரண்டாம் சுற்றிலேயே குச்சி வில்லாக வளைந்தது. மூன்றாம் சுற்றில் குச்சியைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி ‘டக்’ என்று விரிந்து, முறுக்கு மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்தது. இன்னொன்றை எடுத்தார், அதிலும் அதுதான். ஐந்தையும் பார்த்துமுடித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடாது என்று கத்தரிக்கோலால் துண்டாக வெட்டிப்போட்டார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

போர் தொடங்கியதிலிருந்து இப்படிப்பட்ட போலிகள் ஏராளமாகப் புழங்கின. நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்தவர்கள் பலர் அதைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அதன்பிறகு, தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் மட்டுமே, ரசீதோடு வாங்குவது என்று முடிவெடுத்தோம்.

ஓட்டுநரின் செய்தி

ஜனவரி 19. அங்கீகாரம் பெற்ற கடைக்கு ஆர்டர் அனுப்பும் முன் செவிலியர் எண்ணிக்கை கேட்டுச் செய்தி அனுப்பினார். மறுநாள் விடியற்காலை அங்கிருந்த ஓட்டுநர் குரல்பதிவு அனுப்பினார். டூர்னிகெட் இப்போது பல இடங்களிலிருந்து வந்துவிட்டது. முப்பது இருந்தால் போதும், அதுவும் அடுத்த மாதத்துக்குத்தான். இரண்டு வேன்களில் ஒன்று கியர்பெட்டி உடைந்து நிற்கிறது. இன்னொன்றின் டயரில் பிடிமானமே இல்லை. பகலில் சேறு, இரவில் பனிக்கட்டி. காயமுற்றவர் படுக்கும் பகுதியில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. பதிவின் கடைசியில், ‘கட்டு நன்றாகத்தான் போடுகிறோம். வழியில் குளிரில் இழக்கிறோம்’ என்றார்.

செவிலியர் எனக்கு அதை விளக்கினார். அதிகம் இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்துபோனால் இரத்தம் உறையும் திறன் குறையும். உறையாவிட்டால் இன்னும் கசியும். கசியக் கசிய உடல் இன்னும் குளிரும். இரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறும். மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். அதனால் வண்டியின் வெப்பமூட்டி ஒரு மருத்துவக் கருவிதான். ஆனால் நான் எழுதிய வரியில் ‘டூர்னிகெட்டும் முதலுதவிப் பொருளும்’ என்றுதான் இருந்தது. டீசல் வேனின் கியர்பெட்டியை எந்த வளைப்பு வளைத்தும் முதலுதவிப் பொருளாக்க முடியாது.

கூட்டம் கூடியது. எல்லாப் பணத்தையும் வண்டிக்குப் போட்டுவிடலாம், நல்ல காரியத்துக்குத்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு குரல். சொன்ன நோக்கத்தைவிட்டு இம்மியும் விலகக்கூடாது என்று இன்னொரு குரல். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. உண்டியலில் போட்டவரை இனித் தேடிப் பிடித்துக் கேட்க முடியாது. அவர் சுவரொட்டியைப் பார்த்துப் போட்டார், ஆகவே அந்தச் சொல்லை மீறமுடியாது; சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வங்கி வழியாக அனுப்பிய 71 பேர் யாரென்று தெரியும். அவர்களைக் கேட்கலாம்.

கேட்டோம். ஓட்டுநர் சொன்னதை இடத்தின் பெயர் இல்லாமல் அப்படியே எழுதி, வண்டிப் பழுதுக்கும் வெப்பமூட்டிக்கும் உங்கள் பணத்தைச் செலவழிக்கலாமா, விருப்பமில்லையென்றால் முதலுதவிப் பொருளுக்கே போகும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். பத்து நாள் காத்திருந்தோம். 58 பேர் சம்மதித்தார்கள்; அவர்கள் தொகை 14,600. நால்வர் மருத்துவப் பொருளுக்கு மட்டும் என்றார்கள், அது 1,300. ஒன்பது பேரிடமிருந்து பதில் வரவில்லை, 2,000. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் அதையும் மருத்துவக் கணக்கில் வைத்தோம்.

இந்தப் பத்து நாள் தாமதத்தைச் செவிலியர் ஏற்கவில்லை. வண்டி அங்கே நிற்கிறது, நீங்கள் இங்கே கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. வரியைச் சரியாக எழுதியிருந்தால் அந்தப் பத்து நாள் தேவைப்பட்டே இருக்காது.

ஒப்படைப்பு

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் கியர்பெட்டி 3,900-க்குக் கிடைத்தது. எட்டு டயர்கள் 4,480. வெப்பமூட்டி 2,950. மீதி 3,270-இல் கிளட்ச், பிரேக் கட்டைகள், எண்ணெய், குழாய்கள். மருத்துவக் கணக்கில் இருந்த 14,640-இல் 4,200-க்கு முப்பது டூர்னிகெட். மீதிக்கு இரத்தம் நிறுத்தும் துணிச்சுருள், மார்புக் காயத்தை மூடும் ஒட்டுப்பட்டைகள், தானே சூடேறும் போர்வைகள். போர்வை முதலுதவிப் பொருள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; ரொக்கத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தோம்.

பிப்ரவரி 18 அன்று ஆசிரியையின் உறவினர் வேனில் கிழக்கே, எல்லையருகே கொண்டுபோனோம். உதவிப் பொருள் என்று உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் குழுவின் ஆள் ஒருவர் ஏற்றிக்கொண்டார். கைகுலுக்கிவிட்டு இருபது நிமிடத்தில் போய்விட்டார். மூன்று நாளில் வண்டி ஓடுவதாகச் செய்தி வந்தது.

ஒரு பிழை அங்கேயும் நடந்தது. எங்களோடு வந்த ஒருவர் மகிழ்ச்சியில் ஒப்படைப்புப் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டார். வண்டியின் எண்பலகையும் வந்தவரின் முகமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு மணி நேரத்தில் ஓட்டுநர் அழைத்துச் சொன்னபிறகுதான் நீக்கினோம். யாருக்கும் தீங்கு வரவில்லை. படம் எடுக்கலாம், போடுவதற்குமுன் அவர்கள் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற ஒரு வரியை நாங்கள் யாரிடமும் சொல்லிவைத்திருக்கவில்லை.

அரசுக்கான அறிக்கையை அனுப்பினோம். ரசீதுகளின் நகலைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வண்டிக்குச் சம்மதித்த 58 பேருக்கும் கியர்பெட்டியின் படத்தை அனுப்பினேன். பழையது, எண்ணெய்க் கறையோடு, எடுப்பாக எதுவும் இல்லாத படம். அந்தப் படத்துக்குப் பதில் எழுதியவர்கள், நாடகத்துக்கு நன்றி எழுதியவர்களைவிட அதிகம்.

அடுத்த முறைக்கு மாற்றியவை

பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து செய்வது என்று தீர்மானித்தோம். தனிநபர் பெயரில் வங்கிக் கணக்கு வைத்தது ஆசிரியைமேல் தேவையில்லாத சுமை. ஏதாவது தவறியிருந்தால் அவர் ஒருவர்தான் பதில் சொல்லியிருக்கவேண்டும். நாடகம் நடக்கும் நாளில் கெட்ட செய்தி வந்தால் யார் முடிவெடுப்பது என்பதை முன்னதாகவே மூன்று பெயராக எழுதிவைத்தோம். அந்த மூவரில் நடிப்பவர் யாரும் கிடையாது. தகரம் திரும்ப வரவில்லை.

2023-இல் உக்ரைன் கிறிஸ்துமஸை ஜனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்குச் சட்டப்படி மாற்றியது. அதனால் அடுத்த வெர்டெப்புக்கு இரண்டு வாரம் முந்தியே தயாராகவேண்டியிருந்தது. இம்முறை படிவத்தைத் தொடுமுன் ஓட்டுநரிடம் பட்டியல் கேட்டேன். பிறகு நோக்கம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘காயமுற்றோரை மீட்கும் தன்னார்வ மருத்துவக் குழுக்களுக்கு மருத்துவப் பொருள், வாகனம், வாகன உதிரிபாகம், டயர், பழுதுபார்ப்பு, எரிபொருள், வெப்பமூட்டும் கருவி ஆகியவை வாங்க.’ சுவரொட்டிக்கு மிக நீளம் என்றார் ஆசிரியை. செவிலியர் அதை மொழிபெயர்த்துக் குரல்பதிவாகக் கிழக்கே அனுப்பினார். டயர் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் ஓட்டுநர் திருப்பிக் கேட்டார். இருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டு, படிவத்தைப் பதிவேற்றினேன்.